கழுதைத் தடமும் காகிதப் படமும்
(ஏஜியன் தீவுகளில் – 7)

நாக்ஸோஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கும் பிரயாணிக்குத் தங்கும் விடுதியிலும், வாடகை வண்டிக் கடைகளிலும் இலவசமாகக் கிடைக்கும் வர்ணப் படம் ஒன்று உண்டு. மோட்டார் வண்டியில் கடற்கரைகளுக்குப் போய்வருகிறவருக்கு அது போதுமானதே. ஆனால் சிக்லாடீஸ் தீவுகளுள் மிகப் பெரியதாகிய இத்தீவின் உட்பகுதியை, அதாவது திராகேயாப் பள்ளத்தாக்கின் ஒலிவத் தோப்புகளையும், அவற்றினிடையே மறைந்து நிற்கும் பைஸாந்தியக் காலத்துச் சிறு தேவாலயங்களையும், கால்நடையாகவே கண்டு திரும்ப வேண்டும் என்ற ஆவல் உடையவருக்கு அப்படத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஏனெனில் அவர் நடக்க வேண்டிய மார்க்கங்கள் அதில் குறிக்கப்படுவதே இல்லை. சென்ற வாரம் கப்பல் வழிகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, இவ்வாரம் தரைவழிகளையும் அவற்றைக் காட்டும் படங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

இத்தீவுகளில் மோட்டார் சாலைகள் பரவியதெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிற்காலத்தில்தான். அதற்கு முன் ஊருக்கும் ஊருக்கும், ஊருக்கும் வயலுக்கும், வயலுக்கும் மடாலயத்துக்கும் போக்குவரத்து நடந்தது கல்தெரிமி என்று கிரேக்கர் அழைக்கும் கல் பாவிய பாதைகளில். கோவேறு கழுதையின் நடைக்கேற்ப அகன்ற படிகளாக அடுக்கி, இரு மருங்கிலும் சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் வைத்துச் சுவர் எழுப்பி, மழைநீர் வடிவதற்கும் வழி செய்து பல தலைமுறைகள் பேணிய பாதைகள் அவை. சாந்தின்றிக் கல்சுவர் எழுப்பும் அக்கலையை, கிரீஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பொதுவான மரபுச் செல்வமாக யுனெஸ்கோ 2018-இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சாலை வந்தபின் கழுதைகள் குறைந்தன. இளைஞர்கள் ஆதென்ஸுக்கும் அந்நிய தேசங்களுக்கும் பிழைக்கப் போனார்கள். படிவயல்கள் தரிசாகிப் பாதைகளில் முட்புதர் மண்டியது. சில இடங்களில் பழைய பாதையின் மேலேயே மண்சாலை வெட்டப்பட்டு, அப்பாதை இருந்த சுவடே அழிந்துபோயிற்று. நூற்றாண்டுகளின் உழைப்பு ஒரு நாள் பகலில் இயந்திரத்தின் கீழே புதைவது எனக்குப் பொறுக்க முடியாத நஷ்டமாகவே தோன்றுகிறது.

ஆகவே, நடப்பவர் படம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது அச்சான வருஷத்தை. கிரீஸ் நாட்டின் ராணுவப் பூகோள ஸ்தாபனம் 1889-இல் நிறுவப்பட்டது. அது தயாரித்த 1:50,000 அளவுத் தாள்கள் மலையின் உயரத்தையும் சரிவையும் காட்டுவதில் சிறந்தவையே எனினும், பாதைகளைப் பொறுத்தமட்டில் அவை பழைய காலத்தின் சாட்சியங்கள். அவற்றில் புள்ளிக்கோடாகத் தெரியும் வழி இன்று புதராக இருக்கலாம், சாலையாகவும் இருக்கலாம். இக்குறையை நிவர்த்திக்க முன்வந்தவை ஆதென்ஸ் நகரத்துத் தனியார் படப் பிரசுராலயங்கள். அனாவசி, டெர்ரெய்ன் என்னும் இரண்டும் அவற்றுள் முக்கியமானவை. ஆட்களை அனுப்பிப் பாதைகளை நடந்து பார்த்து, ஜி.பி.எஸ். கருவியால் அளந்து வரையப்பட்ட படங்கள் இவற்றினுடையவை. நீரில் நனைந்தாலும் எளிதில் கிழியாத தாளில், ஊர்ப்பெயர்களைக் கிரேக்க எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் சேர்த்து அச்சிடுகிறார்கள். ஒரே ஊரின் பெயர் லத்தீன் எழுத்தில் படத்துக்குப் படம் வெவ்வேறாகத் தோன்றும் என்பதால், கிரேக்க அரிச்சுவடியைப் புறப்படுமுன் கற்றுக்கொள்வது பெரிய உபகாரம். 1:40,000 அளவுப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் 400 மீட்டரைக் குறிக்கும். 1:25,000 படத்தில் 250 மீட்டரை. கூடுமானால் இரண்டாவதையே வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கைப்பேசியில் தெரியும் படத்தையும் நான் பழிக்கவில்லை. நிற்கும் இடத்தை உறுதிசெய்ய அது மிகவும் உதவும். ஆயினும் கோடை வெயிலில் திரை மங்கி, மின்சக்தியும் தீர்ந்துவிட்டால் கையில் மிஞ்சுவது காகிதமே.

இனி, நிலத்தின்மேல் உள்ள அடையாளங்கள். பாதை பிரியும் இடங்களில் எண்ணிட்ட பலகைகள், பாறையில் பூசிய சிவப்புப் புள்ளிகள், ஆட்டிடையரோ முன்னே சென்றவரோ அடுக்கிய கற்குவியல்கள் என இவை பலவகை. நாக்ஸோஸிலுள்ள ஜாஸ் மலைக்கு ஏறும் வழியில் இவற்றை நன்றாகக் காணலாம். ஆயிரம் மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட இம்மலைதான் சிக்லாடீஸ் முழுவதிலும் உயர்ந்தது; பிலோட்டி என்ற ஊர்வரையில் பஸ்ஸில் போகலாம். அங்கிருந்து வழிகள் இரண்டு. ஆயியா மரினா சிற்றாலயத்தினருகே தொடங்கும் வழி இதமான ஏற்றம் கொண்டது. அவ்வழியில், ஆட்டு மந்தைகளைக் காக்கும் சீயுஸ் தேவனின் மலை இது என்று பண்டைக் கிரேக்கர் பாறையில் செதுக்கிய எழுத்தை இன்றும் கண்ணாரக் காணலாம். இத்தீவில் நடப்பவனுக்கு வழிகாட்டும் பலகைகளுள் அதனினும் பழையது வேறில்லை என்றே நான் கருதுகிறேன். மற்றொரு வழி ஆரியா என்னும் ஊற்றிலிருந்து, சீயுஸ் வளர்ந்ததாகக் கதை வழங்கும் குகையின் வாயிலைக் கடந்து, சரளைக் கற்கள் நிறைந்த செங்குத்தான சரிவில் ஏறுகிறது. படத்தில் சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதைக் கண்டதுமே இதை உணர்ந்துகொள்ள வேண்டும். அச்சரிவில் ஏறலாம், இறங்குவது அபாயம். ஆதலால் குகை வழியாய் ஏறி ஆலயத்து வழியாய் இறங்குவதே உசிதம்.

படமும் அடையாளமும் கைவிடும் இடத்தில் மனிதர்கள் உதவுவார்கள். ஊர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் வணக்கம் சொல்லி விசாரித்தால், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த ஊற்றில் இப்போது நீர் உண்டு என்பதை ஒரு படமும் சொல்லாத அளவு துல்லியமாகச் சொல்வார்கள். இளைஞர்களைக் கேட்டாலோ பெரும்பாலும் சாலையையே காட்டுவார்கள். ஆந்த்ரோஸ் தீவில் இவ்வறிவு வீணாகாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அங்கே ஊராரும் தொண்டர்களும் சேர்ந்து பழைய பாதைகளின் முட்களை வெட்டி, எண்ணிட்டு, ஆண்டுதோறும் பராமரிக்கிறார்கள். அவற்றை இணைத்து அமைத்த ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நெடுவழிக்கு ஐரோப்பிய நடைப்பயணிகள் சம்மேளனத்தின் தரச்சான்றும் கிடைத்திருக்கிறது. மற்றத் தீவுகளும் இதைப் பின்பற்ற வேண்டும். பின்பற்றத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சில பாதைகள் மீட்க முடியாமல் போகும்.

இத்தீவுகளுக்குப் போகும் உத்தேசமுள்ள வாசகர்கள், கப்பல் சீட்டு வாங்கும்போதே நல்ல படம் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களோ, செப்டம்பர், அக்டோபர் மாதங்களோ நடப்பதற்கு ஏற்றவை. வழியில் கம்பியாலோ கயிற்றாலோ கட்டிய ஆட்டுப்பட்டிக் கதவுகளைத் திறந்து சென்றால், மறவாமல் முன்போலவே கட்டிவிட்டுப் போங்கள். அந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பவர்கள் அந்த ஆடுகளுக்கு உரியவர்களே.