230-க்கும் 5-க்கும் நடுவே

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூர், சரித்திரத்தில் இடம் பிடித்த ஊர். மகேந்திர பல்லவன் காலத்திலேயே அங்கே யுத்தம் நடந்திருக்கிறது. பிறகு 1780 செப்டம்பர் 10-ம் தேதி, கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் அங்கேதான் வளைத்துக் கொண்டார்கள். கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அத்துடன் போர் முடிந்தது, பெய்லி கைதியானார். ஒரு சேனையைக் கவிழ்க்க ஒரு பொறி போதும் போலிருக்கிறது!

இன்று புள்ளலூரில் பீரங்கிச் சத்தம் இல்லை. ஆனால் பொறி? எல்லா ஊர்களையும் போலவே அங்கும் அது வீட்டுச் சுவருக்குள் காத்திருக்கிறது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, கிராமத்து வீடுகளிலும் கம்ப்யூட்டர் குடியேறிவிட்டது. அதன் பின்னாலேயே மோடம், பிரிண்டர், ஸ்பீக்கர் என்று பரிவாரமும் வந்துவிட்டது. சுவரில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் துவாரம்!

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மௌஸுக்கும் யு.எஸ்.பி. விளக்குக்கும் வேண்டியது வெறும் 5 வோல்ட். மோடத்துக்குப் பெரும்பாலும் 12. மடிக்கணினிக்கு 19 அல்லது 20. இந்த மலைக்கும் மடுவுக்கும் நடுவே நின்று காவல் புரிவதுதான் அடாப்டர் என்ற கறுப்புப் பெட்டி. அதற்குள்ளே 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் எந்தக் கம்பியும் நேராக இணைப்பதில்லை. ஒரு சின்னஞ்சிறு டிரான்ஸ்பார்மரின் காந்த சக்திதான் மின்சாரத்தை இக்கரையிலிருந்து அக்கரை சேர்க்கிறது. அந்த இடைவெளிதான் உங்கள் உயிருக்கு வேலி.

மலிவு சரக்கில் முதலில் கை வைக்கப்படுவது இந்த வேலியில்தான். அது அறுந்தால், 5 வோல்ட் என்று நம்பித் தொடும் முனையில் 230 வந்து நிற்கும். ஆகவே, வாங்கும்போது இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசாணைப்படி, கம்ப்யூட்டர் அடாப்டர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம்.

பழைய அடாப்டர் கெட்டுவிட்டது. வேறு எதை மாட்டலாம்? வோல்ட் அதேதான் இருக்கவேண்டும். ஆம்பியர் அதேயளவு, அல்லது அதற்கு மேலும் இருக்கலாம். குடம் பெரியதாக இருப்பதால் யாரும் கூடுதலாகத் தண்ணீர் குடித்துவிடுவதில்லை அல்லவா? கருவியும் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று காட்டும் சிறு படம் அடாப்டரின் மேல் இருக்கும். அதுவும் ஒத்திருக்க வேண்டும்.

மடிக்கணினியின் தகட்டைத் தொட்டால் 'சுர்'ரென்கிறதா? அடாப்டரில் மிகச் சிறிய கசிவு மின்சாரம் எப்போதும் உண்டு. எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரலைத் தேடும். 'சும்மா கூசுகிறது' என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் எர்த் சரியாக இல்லை என்று அது சொல்லும் சேதியாக இருக்கலாம். மூன்று முள் பிளக்கில் பெரிய முள் ஏன் நீளமாக இருக்கிறது தெரியுமா? செருகும்போது எர்த் முதலில் சேரவேண்டும். பிடுங்கும்போது கடைசியில் பிரியவேண்டும் என்பதற்காகத்தான். அந்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் துவாரத்தில் திணிக்கும் சாமர்த்தியசாலிகளும், பிளக்கே இல்லாமல் வெறும் ஒயரைத் தீக்குச்சியால் முட்டுக்கொடுத்துச் செருகும் மகானுபாவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்!

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எத்தனை சாமான் மாட்டலாம்? 6 ஆம்பியர் துவாரம் தாங்குவது சுமார் 1,380 வாட். மடிக்கணினிக்கு 65, மோடத்துக்கு 12 என்று சேர்த்தாலும் கணக்கு 150-ஐத் தாண்டுவது அபூர்வம். வில்லன் வேறு: அதே பெட்டியில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மாட்டுகிறீர்களே, அதுதான்! ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் செருகுவதும் கூடாது. பிளக் சுட்டாலோ, பழுப்பேறினாலோ, தீய்ந்த வாசனை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அடாப்டரைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். அதற்குக் காற்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்புச் சுவிட்ச் ஒன்றைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திவிடுவது உத்தமம். மின்சாரம் உடல் வழியே மண்ணுக்குக் கசிந்தால், கண் இமைப்பதற்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அப்படியும் யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால், பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். எர்த் கம்பிக்குச் செலவழிக்கும்போது மட்டும் ஏன் கை நடுங்க வேண்டும்? இன்று மாலையே ஒரு நடை போய் உங்கள் வீட்டுப் பிளக்குகளைப் பார்த்துவிடுங்களேன்!