கூண்டுக் கிளியும் சுரங்க நகரத்து நெஞ்சும்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் வயதான ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினால், அவர் எந்த ஷாஃப்டில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று விசாரிப்பது இயல்பு. நூற்றாண்டுக்கும் மேலாகப் பூமியின் அடிவயிற்றில் பாறையை உடைத்துத் தங்கம் எடுத்த ஜனங்களின் சுவாசப்பைகளில் சிலிகாத் தூசி ஏற்படுத்திய சேதம், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டதோடு முடிந்துவிடவில்லை. தங்கம் பிரித்தபின் குவித்த சைனைடு மேடுகளிலிருந்து எழும் மண் இன்றும் காற்றடிக்கும் திசையெல்லாம் பறக்கிறது. ஆகவே அந்தக் கேள்வி அவசியமானதுதான். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது: வீட்டில் கிளி இருக்கிறதா?

கிளி முதலிய பறவைகளின் உடலில் 'கிளமிடியா சிட்டசி' என்ற பாக்டீரியா குடியிருப்பதுண்டு. அது உள்ள பறவை சோர்ந்து, இறகு சிலிர்த்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, பச்சையாகக் கழிந்துகொண்டு கிடக்கலாம். அல்லது பார்ப்பதற்கு யாதொரு குறையுமின்றிக் கொஞ்சிக்கொண்டும் இருக்கலாம். நெரிசலான கூண்டு, நெடும் பிரயாணம், பட்டினி, குளிர் ஆகிய கஷ்டங்கள் நேரும்போது, அதுவரை அடங்கிக் கிடந்த கிருமி எச்சத்தோடு வெளியேறத் தொடங்குகிறது. கூண்டின் அடித்தட்டில் விரித்த செய்தித்தாளில் எச்சம் காய்ந்து, வெள்ளைப் பொருக்காகி, காலையில் அந்தத் தாளை இழுத்து உதறும்போது கண்ணுக்குத் தெரியாத பொடியாய் எழும்புகிறது. காற்றோட்டம் குறைந்த, சுரங்கத் தொழிலாளர்களின் பழைய லைன் வீட்டில், தாழ்ந்த கூரையின்கீழ், அந்தப் பொடி எங்கே போகும்? கூண்டருகே நிற்பவரின் மூச்சோடுதான் போகும்.

அப்படிக் கிருமி உட்புகுந்தபின், பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் கடுமையான ஜுரமும் தலைவலியும் உடல்வலியும் வறட்டு இருமலும் தோன்றி, சிலருக்கு அது நியுமோனியாவாக முற்றுகிறது. மருந்தில்லாக் காலத்தில் நோய் கண்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேர் மாண்டதுண்டு.

ஸ்விட்ஸர்லாந்தில் 1879-ஆம் ஆண்டிலேயே யாக்கோப் ரிட்டர் என்ற வைத்தியர் தம் சகோதரர் வீட்டில் பரவிய விசித்திரமான நுரையீரல் நோய்க்கும் அங்கிருந்த பறவைகளுக்கும் தொடர்பு இருக்கவேண்டுமென்று ஊகித்தார். எனினும் உலகம் விழித்துக்கொண்டது 1930-இல்தான். அமெரிக்காவில் அன்னாபொலிஸ் நகரில் ஒருவர் தம் மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிக்கொடுத்த கிளி இறந்துபோக, வீட்டிலிருந்தவர்கள் படுக்கையில் விழுந்தனர். வாஷிங்டனில் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் இந்நோயை ஆராய்ந்த சார்லஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கையும் அது பற்றிக்கொண்டது. அவர் பிழைத்தார், அவருடைய உதவியாளர் ஹென்றி ஆண்டர்சன் பிழைக்கவில்லை. கிளிகள் இருந்த அறைக்குள் காலடி வைக்காதவர்களும் நோயுற்றார்கள் என்பதே எல்லாவற்றிலும் அச்சமூட்டிய செய்தி. கடைசியில் அந்தக் கட்டடத்தையே மூடி, சைனைடு புகை போட்டுச் சுத்தம் செய்தார்கள். தங்கத்தைப் பிரித்தெடுக்கும் பொருளாகச் சைனைடை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தற்காப்பின் கடுமை சொல்லாமலே விளங்கும்.

இன்று அவ்வளவு பயம் வேண்டியதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையை உரிய காலத்தில் கொடுத்தால் மரணம் மிக அபூர்வம். ஆனால் பென்ஸிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. எனவே எந்த மருந்து என்ற தீர்மானம், கிளியைப்பற்றி வைத்தியருக்குத் தெரியுமா என்பதைப் பொறுத்தது. சிலிகாவினால் முன்பே நொந்த நெஞ்சு உள்ளவர் "பழைய இருமல்தான்" என்று சும்மா இருந்துவிடுவது எனக்கு உண்மையாகவே கவலை அளிக்கிறது.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் கிளி ஜோசியத்துக்கு வைத்திருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றியது பலருக்கு நினைவிருக்கும். கடைகளில் விற்கும் லவ் பேர்ட்ஸும் காக்கட்டீலும் அயல்நாட்டு இனங்களாதலால் அவற்றை வாங்குவோர் அதிகம். கிருமியோ நாட்டுக்கிளி, அயல்கிளி என்று பேதம் பார்ப்பதில்லை.

வளர்ப்பவர்கள் கூண்டைக் காய்ந்தபடி பெருக்காமல், முதலில் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தினந்தோறும் துடைக்கவேண்டும். கிளிக்கு வாயிலிருந்து பழம் ஊட்டுவது இரு தரப்புக்கும் கேடு. க்ஷயரோகம் மனிதரிடமிருந்தே கிளிக்குத் தொற்றியதுண்டு. நோயுற்ற கிளிக்கும் மருந்து இருக்கிறது. கால்நடை வைத்தியர் சொல்லும் டெட்ராஸைக்ளின் வகை மருந்தை வழக்கமாக நாற்பத்தைந்து நாட்கள் இடைவிடாமல் தரவேண்டும். அந்த நாட்களில் கூண்டில் தொங்கும் கடல்நுரையை (கணவாய் ஓட்டை) எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும்.