26 பேர், 27 துண்டுகள்: நாடக இசையின் வரவு செலவு

பாரிஸின் வோட்வில் அரங்கில் 1872 அக்டோபர் 1 அன்று அல்ஃபோன்ஸ் தொதேயின் ‘லார்லேசியென்’ நாடகம் மேடையேறியது. இசை ஜார்ஜ் பிசே. அரங்க நிர்வாகம் அவருக்குக் கொடுத்த வாத்தியக்காரர்கள் 26 பேர்: புல்லாங்குழல் 2, ஓபோ 1, கிளாரினெட் 1, பசூன் 2, சாக்ஸஃபோன் 1, ஹார்ன் 2, டிம்பனி 1, வயலின் 7, வயோலா 1, செல்லோ 5, டபுள் பாஸ் 2, பியானோ 1.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கச்சேரி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோவைவிட வயோலாதான் வழக்கமாக அதிகம். இங்கே ஐந்து செல்லோவுக்கு ஒரே வயோலா. பிசே இருப்பதைக் கொண்டே எழுதினார். சாக்ஸஃபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது 1846இல். நாடகம் மேடையேறியபோது அதற்கு வயது 26தான். நாடகத்தில் வரும் பேதைச் சிறுவனின் மெட்டை அந்தப் புதுக் கருவியிடம் ஒப்படைத்தார். முன்னிசையில் அணிவகுப்பு மெட்டு அடங்கியதும் சாக்ஸஃபோன் அந்த மெட்டை எடுக்கிற இடம், என் கணிப்பில், அந்த நூற்றாண்டின் நாடக இசையிலேயே மிக உயர்ந்த இடங்களில் ஒன்று.

எழுதியது 27 துண்டுகள். சில துண்டுகள் நடிகர் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்து, ஒருசில வரிகளில் முடிந்துவிடும். நாடகம் ஓடியது ஏறத்தாழ 20 காட்சிகள், அரங்கத்துக்கு நஷ்டம். ஆனால் நவம்பர் 10 அன்று, சரியாக 40 நாளில், அதே இசையிலிருந்து 4 பகுதிகளை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியதை நடத்துநர் பாஸ்தெலூவின் கச்சேரியில் வாசித்தார்கள், ஜனங்கள் கொண்டாடினார்கள். பிசே 1875இல் இறந்தார். 1879இல் நண்பர் எர்னெஸ்ட் கீரோ இன்னொரு 4 பகுதிகளைத் தொகுத்தார். அவற்றில் மினுவெட் இந்த நாடகத்துடையதே அல்ல. பிசேயின் வேறொரு ஓபராவிலிருந்து எடுத்தது. ஆக, கச்சேரி மேடையில் கேட்கும் எட்டில் ஏழுதான் இந்தக் கணக்கில் சேரும்.

நார்வேயின் கணக்கில் பணமும் வருகிறது. 1874 ஜனவரியில் நாடகாசிரியர் இப்சன், ‘பேர் கிந்த்’ நாடகத்துக்கு இசை கேட்டு எட்வர்ட் கிரீகுக்கு எழுதினார். அரங்கத்திடம் 400 ஸ்பெசிடாலர் கேட்கலாம், ஆளுக்குப் பாதி என்பது அவர் யோசனை. 1875இல் புது நாணயம் வந்தபோது ஒரு ஸ்பெசிடாலர் 4 குரோனர். அந்தக் கணக்குப்படி கிரீகின் பங்கு 800 குரோனர். அவர் எழுதியது 26 துண்டுகள். வகுத்தால் ஒரு துண்டுக்கு 31 குரோனர்கூட வரவில்லை.

கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) அரங்கில் 1876 பிப்ரவரி 24 அன்று முதல் காட்சி. 37 காட்சிகள் நன்றாக ஓடிய பிறகு, 1877 ஜனவரியில் தீ விபத்து; திரைச்சீலைகளும் உடைகளும் எரிந்தன, நாடகம் நின்றது. பின்னாளில் கிரீக் தொகுத்த இரண்டு தொகுப்புகளில் தலா 4 துண்டுகள். உலகம் அறிந்தவை அந்த எட்டுத்தான். ‘காலைப் பொழுது’ நார்வே மலைகளின் விடியல் என்றே பலரும் நினைக்கிறார்கள். நாடகத்தில் அது நான்காம் அங்கத்தின் தொடக்கம். விடிவது மொராக்கோ கரையில். ‘மலையரசன் மண்டபத்தில்’ துண்டில் பூதங்கள் கோரஸாகப் பாடி நாயகனை மிரட்டுகின்றன. கச்சேரித் தொகுப்பில் அந்தக் குரல்களே கிடையாது.

இவர்களுக்கு முன்னோடி பீத்தோவன். அவர் இசையமைத்த கதேயின் ‘எக்மாண்ட்’ ஐந்து அங்க நாடகம். அங்கங்களுக்கு நடுவே நான்கு இடைவெளி, அதனால் நான்கு இடையிசை. அதோடு முன்னிசை, பாட்டு, முடிவிசை எல்லாம் சேர்த்து மொத்தம் 10. வியன்னாவில் நாடகம் 1810 மே 24 அன்றே தொடங்கிவிட்டது. இசை சேர்ந்தது ஜூன் 15இல், 22 நாள் தாமதமாக. இன்று பெரும்பாலும் வாசிப்பது முன்னிசை ஒன்றை மட்டும்.

மூன்றையும் கூட்டினால் எழுதியது 63 துண்டுகள். கச்சேரிகளில் வழக்கமாகக் கேட்பது, அந்த மினுவெட்டையும் சேர்த்தே 17. மிச்சமெல்லாம் தரம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டவை அல்ல. வசனம் இல்லாமல் தனியே நிற்காதவை. மூன்று நாடகங்களின் இசைக்கும் முழு ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. ‘பேர் கிந்த்’தில் தொடங்குங்கள், நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு 26ஐயும் வரிசையாகக் கேளுங்கள்.