மங்கிய போட்டோவை ஏஐ தெளிவாக்குகிறதே, அந்தப் புதுப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

சிசிடிவி காட்சியில் ஒரு பைக். நம்பர் பிளேட் மங்கலாகத் தெரிகிறது. சினிமாவாக இருந்தால் "ஜூம் பண்ணு, இன்னும் கொஞ்சம்" என்பார் இன்ஸ்பெக்டர். ரெண்டு கிளிக்கில் எண் பளிச்சென்று வந்துவிடும். ஐடி ஆட்கள் ரொம்ப நாளாகக் கிண்டலடித்து வந்த காட்சி இது. இப்போது உங்கள் போனில் இருக்கும் ஆப்பே அதைச் செய்வது போலக் காட்டுகிறது. நிஜமாகவே செய்கிறதா?

டிஜிட்டல் படம் என்பது எண்களின் கட்டம். நீளத்திலும் அகலத்திலும் அதை நாலு மடங்கு பெரிதாக்கினால், ஒரு பிக்சல் இருந்த இடத்தில் 16 பிக்சல் வேண்டும். பழைய முறையான பைக்யூபிக், சுற்றியுள்ள பிக்சல்களைப் பார்த்து ஒரு சராசரி மாதிரிக் கணக்குப் போட்டு இடைவெளியை நிரப்பும். படம் பெரிதாகும், ஆனால் வழவழவென்று மங்கிப் போயிருக்கும்.

2014-ல் இதை மாற்றியது எஸ்ஆர்சிஎன்என். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் சாவ் டோங், சென் சேஞ்ச் லோய், ஷியாவூ டாங் ஆகியோருடன் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் கைமிங் ஹேவும் சேர்ந்து உருவாக்கியது. இன்றைய கண்ணுக்கு ரொம்பச் சின்ன மாடல், மூன்றே அடுக்குகள்.

முதலில் பைக்யூபிக் முறையில் படத்தைப் பெரிதாக்கிக் கொள்கிறார்கள். பிறகு 9×9 அளவுள்ள 64 ஃபில்டர்கள் படம் முழுக்க நகர்ந்து போகின்றன. ஃபில்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சின்னக் கட்டத்தில் எழுதிய எண்கள். அவற்றைப் படத்தின் எண்களோடு பெருக்கிக் கூட்டினால், "இங்கே ஓர் ஓரம் இருக்கு", "இங்கே ஒரு வரிவடிவம் இருக்கு" என்று தெரியும். இதுதான் கன்வல்யூஷன். இரண்டாவது அடுக்கில் 32 ஃபில்டர்கள், "மங்கலில் இப்படித் தெரிந்தால் தெளிவில் இப்படி இருக்கும்" என்று மாற்றுகின்றன. மூன்றாவது அடுக்கு 5×5 ஃபில்டரால் எல்லாவற்றையும் சேர்த்துப் படமாக்குகிறது. மொத்தம் 8,032 எண்கள்தான். இன்று நாம் பேசுகிற மாடல்களில் பல நூறு கோடி!

அந்த எண்களை யாரும் கையால் எழுதுவதில்லை. தெளிவான படத்தை எடுத்து, வேண்டுமென்றே சுருக்கி மங்கலாக்கி, நெட்வொர்க்கிடம் கொடுக்கிறார்கள். விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதுதான் அசல் படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையும்படி எண்களைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். முதலில் 91 படங்களை வைத்தே பழக்கினார்கள். பிறகு இமேஜ்நெட்டிலிருந்து 3.95 லட்சத்துக்கும் மேல்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சுருக்கும்போது போன தகவல் போனதுதான். மங்கலான ஒரு '8' அசலில் 8 ஆகவும் இருந்திருக்கலாம், 3 ஆகவும் இருந்திருக்கலாம். சுருக்கினால் இரண்டும் ஒரே கறையாகத் தெரியும். பிழையைக் குறைக்க மட்டும் பழகிய நெட்வொர்க், இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைத் தரும். அதனால் கொஞ்சம் மங்கல் மிச்சமிருக்கும். ஒரு வகையில் அது நேர்மையான மங்கல்.

2016-ல் ட்விட்டர் ஆய்வாளர்கள் கொண்டுவந்த எஸ்ஆர்கேன் அந்த மிச்சத்தையும் துடைத்தது. "இது நிஜப் படமா, செய்த படமா" என்று சோதிக்கும் இன்னொரு நெட்வொர்க்கை எதிரில் உட்காரவைத்தார்கள். அதை ஏமாற்றப் பழகிய முதல் நெட்வொர்க், முடியையும் தோலின் நுணுக்கத்தையும் அசத்தலாக வரைந்தது. பார்த்தவர்கள் அதற்கே அதிக மதிப்பெண் போட்டார்கள். ஆனால் பிக்சலுக்குப் பிக்சல் அசலோடு ஒப்பிட்டால், பழைய வகை மாடலைவிட அது தள்ளியே இருந்தது. கண்ணுக்கு நிஜமாகத் தெரிய, நிஜத்திலிருந்து விலக வேண்டியிருந்தது.

2020-ல் இது ஊரறிய வெடித்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் பல்ஸ் என்ற மாடல், 16×16 பிக்சல் முகத்தை 1024×1024 ஆக்கும். அதாவது 256 பிக்சல்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல். பராக் ஒபாமாவின் கட்டம்கட்டமான படத்தை ஒருவர் கொடுத்துப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்தது. அந்த முகத்தைத் திரும்பச் சுருக்கினால் கிட்டத்தட்ட அதே கட்டங்கள் வரும். கணக்குப்படி தப்பில்லை. ஆள்தான் வேற!

2024-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிங் கவுண்டி நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஏஐ மூலம் தெளிவாக்கிய செல்போன் வீடியோவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. என் கணிப்பில், நம்ம ஊர் நீதிமன்றங்களுக்கும் இந்தக் கேள்வி வரத்தான் போகிறது.

அதற்காக எல்லாமே பொய் என்று ஒதுக்க வேண்டாம். 2018-ல் வந்த பிக்சல் 3 போன், ஜூம் செய்யும்போது கை நடுக்கத்தில் லேசாக நகர்ந்த பல ஃப்ரேம்களைச் சேர்த்துப் படமாக்கியது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் புதுத் தகவல் உண்டு, எனவே அங்கே கிடைப்பது உண்மையான நுணுக்கம். பழைய குடும்பப் படம், வீடியோ கேம் இதிலெல்லாம் ஊகம் தப்பினாலும் நஷ்டமில்லை. நம்பர் பிளேட், முகம், எக்ஸ்-ரே என்றால் கதை வேறு.

உங்க ஆப் எந்த ரகம்னு நீங்களே பார்க்கலாம். தமிழ்க் கடைப் பலகை ஒன்றைத் தெளிவாகப் போட்டோ எடுங்க. 'ண', 'ன' இரண்டும் அதில் இருக்கட்டும். ரெண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். எழுத்து கறையாகத் தெரியும் வரை படத்தைச் சுருக்கி, அதை மட்டும் ஆப்பிடம் கொடுத்துத் தெளிவாக்கச் சொல்லுங்க. பிறகு அசலைப் பக்கத்தில் வைத்துச் சுழிகளை எண்ணிப் பாருங்க.