லேப்டாப் படம் டி.வி.யில் தெரியணுமா? வயர் வாங்கும் முன் இதை படிங்க!

கேபிள் பாக்ஸ் இருக்கும்போதே லேப்டாப்பையும் அதே டி.வி.யில் மாட்டலாமா? தாராளமாக மாட்டலாம். ஆனால் கடைக்கு ஓடும் முன் டி.வி.யை திருப்பி பின்பக்கம் ஒரு தடவை பாருங்க. செலவு அங்கேதான் தெரியும்.

எல்.இ.டி. டி.வி. என்றால் கவலை இல்லை. எச்.டி.எம்.ஐ. என்று எழுதிய தட்டையான ஓட்டையில் லேப்டாப் வயரை சொருகினால் படம், சத்தம் இரண்டும் வந்துவிடும். சாதா கேபிள் பாக்ஸ் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில்தான் ஓடும். அது ஏ.வி. ஓட்டையில் அப்படியே இருக்கட்டும். ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை அமுக்கினால் அம்மாவுக்கு சீரியல், பிள்ளைக்கு பாட வீடியோ. படம் வரலைன்னா லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு 'பி' எழுத்தை சேர்த்து அமுக்கி 'டூப்ளிகேட்' கொடுங்க.

பழைய கம்ப்யூட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. வயர்தான் இருக்கும். அதில் படம் மட்டும் போகும். சத்தத்துக்கு தனி வயர் வேணும்.

வம்பே டப்பா டி.வி.யில்தான். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டி.வி. திட்டத்தில் வந்த பெட்டி இன்னும் சில வீடுகளில் ஓடுது. அதில் எச்.டி.எம்.ஐ. கிடையாது. ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறுமுனை மூணு கலர் என்று வெறும் வயர் ஒன்றை விக்கிறாங்க. பார்க்க கச்சிதமா பொருந்தும், படம் மட்டும் வராது! லேப்டாப் அனுப்புவது டிஜிட்டல், டப்பா டி.வி.க்கு புரிவது அனலாக். நடுவில் மாற்றிக் கொடுக்க கரண்டில் ஓடும் சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வேணும். அதிலும் 'எச்.டி.எம்.ஐ. டூ ஏ.வி.' என்று இருக்கணும். இதையே திருப்பிப் போட்ட 'ஏ.வி. டூ எச்.டி.எம்.ஐ.' பெட்டியும் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், உஷார். சரியானதை வாங்கினாலும் சினிமா பார்க்கலாம், பொடி எழுத்து மங்கலாகத்தான் தெரியும். பாடம் படிக்க அது லாயக்கில்லை.

சிலர் கேபிள் பாக்ஸ் வயரை நேரா லேப்டாப்பில் சொருகுறாங்க. லேப்டாப்பில் உள்ள அந்த ஓட்டை படத்தை வெளியே அனுப்பத்தான், உள்ளே வாங்காது.

வயர் மாட்டும்போது எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்யுங்க. தொட்டால் சுள்ளுன்னு இழுத்தால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்க. மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடிக்கவே கூடாது. இடி, மின்னல் வரும்போல இருந்தால் முன்கூட்டியே பிளக்கை உருவினால் மட்டும் போதாது. தெருவிலிருந்து வரும் கேபிள் வயரையும் பாக்ஸில் இருந்து கழற்றிடுங்க. மின்னல் அந்த வழியாக இறங்கினால் பாக்ஸ், டி.வி., லேப்டாப் மூணும் சேர்ந்து போகும்.