புரோத்தனைக் கண்டு திரும்பி ஓடிய இலத்திரன்

விசை தெரிந்தால் ஆர்முடுகல் தெரியும். கொழும்பின் கொட்டாஞ்சேனை ரியூசன் வகுப்புகளில் உயர்தரப் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது நியூட்டனின் இந்த விதியைத்தான். ஆனால் இலத்திரனிடம் வந்தால் கணக்கு இடறும். ஆர்முடுகும் ஏற்றம் கதிர்வீசும், வீசினால் சக்தி குறையும், அந்தக் குறைவு அதன் ஓட்டத்தையே மாற்றும். தன் கதிர்ப்பாலே தள்ளப்படும் துணிக்கைக்கு என்ன சமன்பாடு எழுதுவது?

இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர் சி. ஜே. எலியேசர். 1918இல் பிறந்த இலங்கைத் தமிழர். கேம்பிரிட்ஜில் போல் டிராக்கின் மாணவர். 1949 முதல் பத்தாண்டுகள் இலங்கைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். விஞ்ஞான பீடம் அப்போது கொழும்பில்தான் இருந்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை பஸ் ஏறிப் போய்ப் படித்துவரக்கூடிய தூரம்.

1938இல் டிராக் எழுதிய சமன்பாட்டில் ஆர்முடுகலோடு, அது மாறும் வீதமும் புகுந்திருந்தது. வில்லங்கம் அங்கேதான். 1943இல் எலியேசர் அதை ஐதரசன் அணுவில் போட்டுப் பார்த்தார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழுகிறது ஓர் இலத்திரன். எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவரும், ஆகவே மோதத்தானே வேண்டும்? இல்லை. தொடுமுன்பே இலத்திரன் நின்று, திரும்பி, ஒளிவேகத்தை நெருங்குமளவுக்கு ஓட்டமெடுக்கிறது! இயற்கையில் இப்படி நடப்பதில்லை, பிழை சமன்பாட்டில். நூல்களில் ‘எலியேசர் தேற்றம்’ என்று நிற்பது இதுதான்.

என் கணிப்பில் அதைவிடப் பெரியது அவருடைய 1948ஆம் ஆண்டுக் கட்டுரை. நோயைச் சொன்னவரே மருந்தும் சொன்னார்: ஆர்முடுகல் மாறும் வீதத்தை நீக்கி, வெளிவிசை மாறும் வீதத்தை அந்த இடத்தில் வைத்தார். தறிகெட்ட ஓட்டம் அடங்கியது. 1991இல் பௌதிகவியலாளர்கள் ஃபோர்டும் ஓ’கொனலும் குவாண்டம் வழியாகப் புறப்பட்டு அதே வடிவுக்கு வந்துசேர்ந்தார்கள். இன்று மூவர் பெயரும் அதற்கு உண்டு.

கொழும்புக்குப் பிறகு எலியேசர் போனது மலாயாவுக்கு, 1968இல் மெல்பேர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகம். 2001இல் மறைந்தார்.

கதிர்ப்பு நியூட்டனின் விதியில் புகுத்தும் திருத்தம் மிக நுண்ணியது. ஒரு செக்கனை ஆயிரம் கோடி கோடி கோடிக் கூறாக்கினால் ஏறக்குறைய ஆறு கூறு. அதுதான் அதன் கால அளவு. சாதாரண விசைகளில் அகப்படாது. 2018இல்தான், இங்கிலாந்தின் ஜெமினி லேசர்மீது இலத்திரன் கற்றையை மோதவிட்டு, அது இழந்த சக்தியை இரு குழுக்கள் அளந்து வெளியிட்டன. அந்த உக்கிரமான ஒளியில் பழைய செவ்வியல் கணக்கு இழப்பைக் கூட்டியே சொல்கிறது. குவாண்டம் திருத்தமும் தேவைப்படுகிறது.