கழுவித் தீராத அச்சம்

மன்னாருக்குத் தெற்கே முள்ளிக்குளக் கரையில், அலையில் ஒருமுறை புரண்டு மூச்சுத் திணறிய சிறுவன் ஒருவன் கடற்கரைக்கே வர மறுக்கிறான் என்று கொள்வோம். வீட்டிலிருந்தால் அவனுக்கு நிம்மதி. அந்த நிம்மதியே அவனுக்குப் பகை. விலகியதாற்றான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. கடலோ நாளுக்கு நாள் பெரிதாகிறது. தகப்பனார் அதட்டித் தோணியில் ஏற்றினாலும் இது தீராது. முதல்நாள் அலையோசை கேட்கும் தூரத்தில் அவரோடு உட்காரட்டும். படபடப்புத் தணியுமுன் எழுந்து ஓடலாகாது. பிறகு ஈரமணல், பிறகு கணுக்கால் நீர்.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆராய்ச்சி 2009இல் வெளிவந்தது. ஒரு சாரார் தமக்கு நேர்ந்தவற்றை ஆறு அமர்வுகளில் வரிசையாகச் சொல்லினர். மறுசாராருக்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. ஆறு மாதத்தில் இரு சாராரிலும் பெரும்பாலோர் தேறியிருந்தனர். அஞ்சியதை ஒளிக்காமல் எதிர்கொள்வது பிள்ளைகளைக் கெடுக்கவில்லை என்பதே நான் இதிற் கண்டது.

இதனினும் கொடியது, கையை எத்தனை முறை கழுவியும் அழுக்குப் போகவில்லையே என்று தவிக்கும் நோய். பூட்டிய கதவை நள்ளிரவில் எழுந்தெழுந்து பார்ப்பதும் இவ்வினமே. மாணவர் சிலர் ஒரே வரியை இருபது தடவை வாசித்துப் பரீட்சையில் நேரத்தை இழப்பர். ஆசிரியராகிய நாம் அதைச் சோம்பல் என்று ஏசிவிடுகிறோம். வீட்டார் ஆசாரம் என்று மகிழ்வதும் உண்டு. ஆசாரத்திற்கு முடிவு உண்டு. கால் கழுவிக் கோயிலுட் சென்றவர் வழிபாட்டில் மனம் செலுத்துவார். நோயாளியோ குழாயடியிலேயே நின்றுவிடுவார்.

இந்நோய்க்கு மருந்தில்லை என்றே நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தனர். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்னும் உளநூலறிஞர் இரு நோயாளரைப் பற்றி எழுதினார். அழுக்கிற்கு அஞ்சிய ஒருவரின் அறைக்குத் தண்ணீரை நிறுத்தி, தாதியர் உடனிருக்க, அஞ்சிய பொருள்களைத் தொடச் செய்து, கழுவாதிருக்கப் பழக்கினார். கழுவாவிடினும் கேடு வரவில்லை என்பதை நோயாளி தாமே கண்டார். இன்று அத்துணைக் கடுமை வேண்டியதில்லை. நோயாளியின் சம்மதத்துடன், எளியதில் தொடங்கி அரியது ஈறாகப் பட்டியல் எழுதி, படிப்படியாகச் செல்கின்றனர். மருந்தும் துணை செய்யும். மனநல வைத்தியரைக் காண்பதில் வெட்கம் எதற்கு?

வீட்டாருக்கும் இதில் வேலை உண்டு. "கை சுத்தமா அம்மா?" என்று நூறு தடவை கேட்கும் பிள்ளைக்கு நூறு தடவையும் "ஓம்" என்பது அன்பாகவே தோன்றும். ஆயின் அந்த "ஓம்" என்பதும் இன்னொரு கழுவலே. வைத்தியரோடு கலந்து, "ஒருமுறை சொல்லிவிட்டேன், தம்பி. அந்தப் பயம் தானாக இறங்குகிறதா என்று இருவருமாக இருந்து பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.